ஒரே நாணயம் இரண்டு கடைகளில் செல்லுமா?

கல்லாவில் அமர்ந்திருக்கும் நம் கைக்கு ஓர் ஐநூறு ரூபாய் நோட்டு வந்தால் என்ன செய்கிறோம்? வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, வெள்ளைப் பகுதியில் காந்தியடிகள் உருவம் தெரிகிறதா என்று பார்க்கிறோம். சற்றே சாய்த்து, பச்சை இழை நீலமாக மாறுகிறதா என்று கவனிக்கிறோம். கள்ள நோட்டென்று வங்கியில் தெரிய வந்தால் நட்டம் நம்முடையதே.

டிஜிட்டல் நாணயத்தை அப்படித் தூக்கிப் பிடித்துப் பார்க்க முடியாது. கணினியில் உள்ள வெறும் எண்கள்தானே, நகல் எடுக்க எவ்வளவு நேரமாகும் என்று வணிகப் பெருமக்கள் ஐயுறுவது நியாயமே.

இரண்டு அபாயங்கள்

இல்லாத நாணயத்தைப் போலியாக உண்டாக்குவது ஒன்று. உள்ள நாணயத்தையே இருவருக்குக் கொடுப்பது மற்றொன்று. காகித நோட்டில் இரண்டாவது அபாயம் கிடையாது. நம் கல்லாவுக்கு வந்துவிட்டால் அது வாடிக்கையாளர் கையில் இருக்காது.

முதலாவதற்கு மருந்து டிஜிட்டல் கையொப்பம். இரகசியச் சாவி வைத்திருப்பவர் மட்டுமே கையொப்பமிட முடியும். அதற்கு இணையான பொதுச் சாவியைக் கொண்டு எவரும் சரிபார்க்கலாம். தொகையில் ஓர் இலக்கத்தை மாற்றினாலும் கையொப்பம் பொருந்தாது. ஆனால் அசல் நாணயத்தை நகல் எடுத்தால் கையொப்பமும் சேர்ந்தே நகலாகும். ஆகவே இரண்டாவது அபாயத்துக்குக் கணக்கேடுதான் வழி.

ஏட்டை யார் வைத்திருப்பது?

1980களில் அமெரிக்கக் கணினி அறிஞர் டேவிட் சௌம் வகுத்த முறையில், செலவான நாணயங்களின் பட்டியல் வங்கியிடம் இருக்கும். கடைக்காரர் வங்கியில் சரிபார்த்த பிறகே சரக்கைக் கொடுப்பார். அவருடைய டிஜிகேஷ் நிறுவனம் 1998இல் நொடித்துப் போயிற்று.

2009 சனவரியில் தொடங்கிய பிட்காயினில் வங்கி கிடையாது. ஒரே பேரேட்டின் படி ஆயிரக்கணக்கான கணினிகளில் இருக்கிறது. சுமார் பத்து நிமிடத்துக்கு ஒரு பக்கம் சேரும். முன்பக்கக் கூட்டுத்தொகையை நாம் அடுத்த பக்கத் தலைப்பில் எழுதுவதுபோல, ஒவ்வொரு பக்கமும் முந்தைய பக்கத்தின் அடையாளத்தைத் தாங்கி வரும். பழைய பக்கத்தைத் திருத்த நினைப்பவர் அதன்பின் வந்த எல்லாப் பக்கங்களையும் பெரும் மின்செலவில் மீண்டும் எழுத வேண்டும். ஒரே நாணயம் இருமுறை வந்தால், ஏட்டில் ஏறியது மட்டுமே செல்லும். பெருந்தொகையாயின் ஆறு பக்கங்கள், அதாவது ஏறத்தாழ ஒரு மணி நேரம், காத்திருப்பது வழக்கம்.

பூட்டும் உடைந்ததுண்டு

2010 ஆகஸ்ட் 15 அன்று மென்பொருள் பிழையால் 18,400 கோடி பிட்காயின்கள் போலியாக முளைத்தன. விதிப்படி மொத்தமே 2.1 கோடிதான். ஏடு எல்லோர் கண்ணிலும் பட்டதால் சில மணி நேரத்தில் பிழை திருத்தப்பட்டு, அந்தப் பக்கம் தள்ளப்பட்டது. 2019 சனவரியில் எத்தீரியம் கிளாசிக் என்னும் நாணயத்தில், கணினி வலிமையில் பெரும்பங்கைக் கைப்பற்றியவர்கள் ஏட்டைத் திருத்தி, சுமார் 11 லட்சம் டாலர் மதிப்பை இருமுறை செலவழித்தனர். ஏட்டைக் காப்போர் குறைவாக இருந்தால் பூட்டும் பலவீனமே.

நமக்கு என்ன?

இவ்வகைத் தனியார் நாணயங்கள் நம் நாட்டில் சட்டப்படி செல்லும் பணம் அல்ல. லாபத்துக்கு 30 சதவீத வரியும் உண்டு. ரிசர்வ் வங்கி 2022 டிசம்பர் 1 அன்று சில்லறைப் புழக்கத்துக்குச் சோதனையாகத் தொடங்கிய டிஜிட்டல் ரூபாய் வேறு. அது ரிசர்வ் வங்கியே வெளியிடும் சட்டப்படியான பணம்.

எந்த முறையானாலும் பாடம் ஒன்றே. கொடுப்பவர் காட்டும் சான்று பணமாகாது. ஏட்டில் ஏறியதே பணம். வாடிக்கையாளர் தம் கைபேசியில் "பணம் போய்விட்டது" என்று காட்டும் படத்தை நம்பி மூட்டையை வண்டியில் ஏற்றிவிட வேண்டாம். நம் கணக்கில் வரவு விழுந்ததை நம் கண்ணால் பார்த்த பிறகே சரக்கு கடையைத் தாண்டட்டும். நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த நமக்கு இது புதுப் பழக்கமல்ல.