ஒரே புட்டி, மூன்று பேர்

தைப்பூசத்துக்கு முன் ஈப்போவில் நடந்த ஒரு ரத்ததான முகாமுக்குப் போயிருந்தேன். தாதி என் விரலில் குத்தி எடுத்த ஒரு துளி ரத்தத்தை நீல நிறத் திரவத்தில் விட்டார். அது மூழ்கியிருக்க வேண்டும். என் துளி மிதந்தது. "ரத்தம் கொடுக்க ஹீமோகுளோபின் 12.5 இருக்கணும்மா. முதல்ல கிளினிக் போய்ப் பாருங்க" என்றார்.

நான் கிளினிக்குக்குப் போகவில்லை. சுங்கை சிப்புட்டில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போனேன்.

அம்மா அலமாரியைத் திறந்து இரும்பு மாத்திரைப் புட்டியை எடுத்துத் தந்தார். "நம்ம குடும்பத்துக்கே ரத்தம் கம்மி. உன் வயசுல இருந்து நானும் சாப்பிடுறேன். தங்கச்சிக்கும் இதான் குடுக்குறேன்."

அம்மா ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். அங்கே வெளுத்த முகமும் மூச்சு வாங்குவதும் யாருக்கும் புதிதல்ல. வெறுங்காலோடு பால்மரக் காட்டுக்குள் நடந்தவர்களின் பாதத் தோல் வழியாகக் கொக்கிப்புழு உடலுக்குள் போய், குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடித்தது. மலேரியா வேறு. 1915 முதல் 1917 வரை ராக்பெல்லர் அறநிறுவனம் அனுப்பிய மருத்துவக் குழு ஒன்று மலாயாவுக்கு வந்து இந்த இரண்டையும் ஆராய்ந்தது. தோட்ட டிரெஸர் தந்த கறுப்பு டானிக்கின் ருசி அம்மாவுக்கு இன்னும் நாக்கில் இருக்கிறதாம். ரத்தம் கம்மியா, இரும்பு சாப்பிடு. அந்தக் கணக்கு அப்படியே எங்கள் வீட்டு அலமாரிக்கும் வந்துவிட்டது.

நானும் தங்கையும் காலையில் தேத்தண்ணியோடு மாத்திரையை விழுங்கினோம். குமட்டல், மலச்சிக்கல். மலம் கறுத்துப்போனதும் பயந்தே போனேன். (இரும்பு மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பது இயல்பு. மாத்திரை சாப்பிடாதவருக்குக் கறுத்தால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.) இரண்டு மாதம் கழித்தும் மாடிப்படி ஏறினால் எனக்கு மூச்சு வாங்கியது. அதற்குப் பிறகே அரசாங்கக் கிளினிக்குக்குப் போனோம்.

எனக்கு ஹீமோகுளோபின் 9.1. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே போனாலே சோகை. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் என்ற அளவும் அடிமட்டத்தில் இருந்தது. அதிக மாதவிடாய்ப் போக்குதான் காரணம். தங்கைக்கு 10.9. ஆனால் அவளுடைய ஃபெரிட்டின் சரியாகவே இருந்தது. மேலும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்தார்கள். அவள் தலசீமியா மரபணுவைச் சுமப்பவள் என்று தெரிந்தது. பிறகு அம்மாவுக்கும் பார்த்தார்கள். அவருக்கும் அதே முடிவு.

இத்தனை வருடம் அம்மா சாப்பிட்டது எதற்கு?

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். தலசீமியாவைச் சுமப்பவருக்கும் சிவப்பணுக்கள் சிறுத்திருக்கும், ஹீமோகுளோபின் சற்றுக் குறையும். மேலோட்டமாகப் பார்த்தால் இரும்புக் குறைவு போலவே தோன்றும். இரும்பு குறையாதவருக்கு மாத்திரையால் பலனில்லை. மிகுதியான இரும்பை வெளியேற்ற உடலுக்குத் தனி வழியும் கிடையாது. அது உள்ளுறுப்புகளில் தங்கும். நல்லவேளை, அம்மா விட்டுவிட்டுச் சாப்பிட்டதால் கெடுதல் ஏதும் நேரவில்லை.

எனக்கு மாத்திரை தேவைதான், ஆனால் முறை வேறு. 200 மில்லிகிராம் ஃபெரஸ் ஃபூமரேட் மாத்திரையில் உள்ள உண்மையான இரும்பு ஏறக்குறைய 65 மில்லிகிராம். தேத்தண்ணி, காப்பி, பால், கால்சியம் மாத்திரை எல்லாம் அதை உடலில் சேரவிடாமல் தடுக்கும். இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ஈப்போக்காரர்களிடம் வெள்ளைக் காப்பியைத் தள்ளிப்போடச் சொல்வது கொடுமைதான். எலுமிச்சைச் சாறோ கொய்யாவோ உதவும். பீடோர் கொய்யா நமக்குப் பக்கத்திலேயே கிடைக்கிறது. தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் நான்கு மணி நேரம் விட வேண்டும்.

வயிறு ஒத்துக்கொள்ளாததால் ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கச் சொன்னார். ஒரு மாத்திரை போனதும் ஹெப்சிடின் என்ற சுரப்பு ஏறி, மறுநாள் இரும்பு சேர்வதைக் குறைக்குமாம். இரும்பு குறைந்த இளம்பெண்களிடம் செய்து 2017-ல் வெளியான சுவிட்சர்லாந்து ஆய்வு ஒன்று, நாள்விட்டு எடுத்தவர்களுக்கே விகிதம் கூடுதலாகச் சேர்ந்தது என்கிறது. கர்ப்பிணிகள் இதைப் படித்துவிட்டுத் தாமாக அளவை மாற்ற வேண்டாம். கிளினிக் சொன்னபடியே சாப்பிடட்டும். ஹீமோகுளோபின் சரியான பிறகும் சேமிப்பு நிரம்ப எனக்கு மூன்று மாதம் தொடர வேண்டியிருக்கிறது.

2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பத்தில் மூவருக்குச் சோகை. ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்பு குறைந்தால், வயிற்றிலோ குடலிலோ ரத்தம் கசிகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். மாத்திரையால் அளவு ஏறிவிட்டது என்று அதை அப்படியே விட்டுவிடக் கூடாது.

அண்ணன் மகனுக்கு மூன்று வயது. அம்மாவின் அலமாரி அவன் கைக்கு எட்டும். மிட்டாய் என்று நினைத்து ஒரு கைப்பிடி இரும்பு மாத்திரையை விழுங்கினால் சின்னக் குழந்தையின் உயிரே போகும். அப்படி நடந்தால் வாந்தி வருகிறதா என்று காத்திராமல், புட்டியோடு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். மருத்துவர் சொன்ன அன்றே அம்மா புட்டியை மருந்தகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

தங்கைக்கு இந்த வருடம் கல்யாணம். கணவன் மனைவி இருவருமே தலசீமியாவைச் சுமப்பவர்களானால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்குக் கடுமையான தலசீமியா வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. மாப்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று அம்மா இரண்டு நாள் தவித்தார். தங்கை தானே போன் செய்து சொன்னாள். மறுநாளே அவர் கிளினிக்கில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். முடிவு அடுத்த வாரம் வருகிறது.