தாத்தா சைக்கிளை எடைக்குப் போடும் முன்... இதைப் பாருங்க!

கள்ளக்குறிச்சியிலோ கல்வராயன் மலை அடிவாரத்திலோ, பழைய வீட்டில் துருப்பிடித்து நிற்கும் ‘ராலே’ சைக்கிள் இங்கிலாந்து சரக்கா? பெயரை மட்டும் நம்பிடாதீங்க. மேற்கு வங்கத்தின் அசன்சோலில் இருந்த சென்-ராலே ஆலையும் ராலே தயாரித்தது. ஹெர்குலிஸும் அப்படித்தான்: பர்மிங்காம் பிராண்டு, ஆனால் 1949-ல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் அதைச் சென்னை அம்பத்தூரிலேயே தயாரித்தது.

ராலே என்றால், ஹேண்டிலுக்குக் கீழே உள்ள பேட்ஜில் ‘நாட்டிங்காம், இங்கிலாந்து’ என்று இருக்கா பாருங்க. பின்சக்கர ஹப், ஸ்டர்மி-ஆர்ச்சர் 3 கியரா? அழுக்கைத் துடைத்தால் பெரும்பாலும் ‘52’ மாதிரி இரண்டு இலக்கம் தெரியும். அது 1952, ஹப் தயாரான ஆண்டு. இடையில் யாராவது சக்கரத்தை மாற்றியிருந்தால், ஃபிரேமின் வயசு வேற!

காயலான் கடையில் கிடைப்பது இரும்பு விலைதான். சேகரிப்பவர்கள் அசல் பேட்ஜ், தோல் சீட், பழைய பெயின்ட் பார்த்துப் பேசுவார்கள். விற்கும் முன் பளபளன்னு புது பெயின்ட் அடிச்சிடாதீங்க, விலை இறங்கிடும்.