கப்பல் வேலை முடிந்தபின் எந்தக் கடலோர ஊர்?



நல்லம்பள்ளியிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடலைப் பார்க்க அரை நாள் பயணம் வேண்டும். ஆனாலும் நம் பகுதிக் குடும்பங்களில் சிலருடைய பிழைப்பு கடலில்தான். வணிகக் கப்பல்களில் டெக்கிலும் இன்ஜின் அறையிலும் சமையலறையிலும் வேலை பார்த்தவர்கள் ஐம்பதைத் தாண்டியதும் ஒரே கேள்வியோடு நமது அறக்கட்டளை அலுவலகத்துக்கு வருகிறார்கள். “கையில் இருக்கும் பணத்தில் கடலோரத்தில் நம்மவர்கள் இருக்கும் ஊரில் ஒரு வீடு வாங்கி மிச்ச காலத்தைக் கழித்துவிடலாமா? காயல்பட்டினம் நல்லதா, கீழக்கரை நல்லதா, நாகூர் நல்லதா?” ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொன்னதை இந்த இதழில் எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதுகிறோம்.

நமது கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது கப்பலில் இருந்தவரின் ஆசையை மட்டும் பார்த்தால் போதாது. அந்த ஊரில் அவருடைய மனைவி தனியாக வாழ முடியுமா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். முப்பது வருடம் கடலோடு பழகியவர் கணவர். மனைவியோ அந்த முப்பது வருடமும் இங்கே தாய்வீடு, மாமியார் வீடு, அக்கம்பக்கம், கடை, மருந்து என்று எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகச் சமாளித்தவர். பெரும்பாலும் கணவரைவிட வயதில் இளையவர். அவருக்குப் பின்னும் பல ஆண்டுகள் வாழ வேண்டியவர். கணவர் மவுத்தாகிவிட்டால் நான்கு மாதமும் பத்து நாளும் அந்த வீட்டிலேயே இத்தா இருக்க வேண்டியவரும் அவர்தான். அப்போது வாசலில் வந்து “என்ன வேணும்மா?” என்று கேட்க ஆள் இருக்கிற ஊரா என்பதுதான் கேள்வி.

சில ஊர்களைப் பார்ப்போம்

காயல்பட்டினம் தூத்துக்குடி மாவட்டத்தில், திருச்செந்தூருக்குப் பக்கத்தில் உள்ளது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ குறிப்பிட்ட காயல் துறைமுகம் இந்தப் பகுதியில் இருந்ததுதான். பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் நிறைந்த ஊர்; ரயில் நிலையமும் உண்டு. பெரிய மருத்துவமனைக்குத் தூத்துக்குடி செல்ல வேண்டும். தருமபுரி வழியாக ஓடும் மைசூரு–தூத்துக்குடி ரயில் நமக்கு வசதி.

கீழக்கரை ராமநாதபுரம் மாவட்டம். பெண்களுக்கான கல்லூரியும் பொறியியல் கல்லூரியும் உள்ள ஊர். ரயிலுக்கும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் ராமநாதபுரம் வர வேண்டும்.

நாகூர் நாம் எல்லோரும் அறிந்த ஊர். பெங்களூரு–காரைக்கால் ரயில் தருமபுரி, சேலம் வழியாக அங்கே போகிறது. 2022இல் நாகப்பட்டினத்துக்கும் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது.

அதிராம்பட்டினம் தஞ்சாவூர் மாவட்டத்தின் கடற்கரை. திருவாரூர்–காரைக்குடி ரயில் பாதையில் உள்ளது. 1955இல் தொடங்கிய காதிர் முகைதீன் கல்லூரி அங்கே இருக்கிறது. கடலூர் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டை வெள்ளாறு கடலில் கலக்கும் இடம். மருத்துவத்துக்குச் சிதம்பரம் பக்கம். இந்த ஐந்தில் நமக்குச் சாலை வழியாக அதிகச் சிரமமில்லாத ஊர் இதுதான்.

ஐந்துமே நல்ல ஊர்கள்தான். எது உயர்ந்தது என்று தரம் பிரிப்பது நமது வேலையல்ல. ஆனால் எல்லாவற்றிலும் பார்க்க வேண்டிய விஷயங்கள் சில உண்டு.

மழையும் புயலும்

கப்பலில் இருந்தவர் புயலை நடுக்கடலில் பார்த்திருப்பார். கரையில் வீட்டுக்குள் இருந்து பார்ப்பது வேறு. கடலோர மாவட்டங்களுக்கு மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது. புயல்களும் அப்போதுதான் வருகின்றன. 1964 டிசம்பரில் தனுஷ்கோடி அழிந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அதிராம்பட்டினம், பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நம் மாவட்டத்தில் ஒரு வருடம் முழுக்கப் பெய்கிற மழையே ஏறக்குறைய அவ்வளவுதான்.

பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. அந்த ஊர் மக்கள் இவ்வளவையும் தாண்டித் தலைமுறை தலைமுறையாக அங்கேதான் வாழ்கிறார்கள். எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும், எந்த வாய்க்கால் முதலில் நிரம்பும் என்பது அவர்களுக்குத் தெரியும். வெளியூர்க்காரருக்குத் தெரியாது. சித்திரை மாதத்தில் போய்ப் பார்த்தால் எல்லா மனையும் மேட்டு மனையாகத்தான் தெரியும். ஆகவே நாம் எல்லோருக்கும் சொல்லும் முதல் யோசனை இதுதான்: வாங்குவதற்கு முன் புரட்டாசி முதல் மார்கழி வரை அந்த ஊரில் வாடகைக்கு இருந்து பாருங்கள். கணவர் மட்டும் போகாமல் இருவருமாகப் போய் இருக்க வேண்டும். அந்த நான்கு மாத வாடகை பின்னால் வரக்கூடிய பெரிய நஷ்டத்தைத் தடுக்கும்.

தண்ணீரும் மனையும்

புளோரைடு கலந்த ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரால் பல்லும் எலும்பும் கெட்டவர்கள் நம் மாவட்டத்தில் எத்தனை பேர்! 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தபின்தான் ஓரளவு மாறியது. தண்ணீரின் அருமை நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கடலோரத்தில் பிரச்சினை உப்பு. கிணற்றில் அளவுக்கு மீறி இறைத்தால் கடல்நீர் உள்ளே ஏறிவிடும். ராமநாதபுரம் மாவட்டத்து ஊர்களும் காவிரிக் கூட்டுக் குடிநீரையே நம்பியிருக்கின்றன. வீடு பார்க்கும்போது குழாய்த் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்பதைத் தரகரிடம் கேட்காமல் பக்கத்து வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள்.

உப்புக்காற்று கட்டடத்தையும் விடாது. கம்பி துருப்பிடித்து ஊதி, கான்கிரீட் பெயர்ந்து விழும். பழைய வீடானால் கூரையின் அடிப்பக்கத்தையும் தூண்களையும் ஒரு பொறியாளரைக் கொண்டு பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

“கடலைப் பார்த்த மனை” என்று சொன்னால் கூடுதல் கவனம் தேவை. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையிலான நிலம் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வருகிறது. 2011ஆம் ஆண்டு அறிவிக்கைப்படி ஊராட்சிப் பகுதிகளில் முதல் 200 மீட்டருக்குள் புதிய வீடு கட்டத் தடை உண்டு. 2019ஆம் ஆண்டு அறிவிக்கை மக்கள் நெருக்கம் மிகுந்த ஊராட்சிப் பகுதிகளுக்கு அதை 50 மீட்டராகக் குறைத்தது. உப்பங்கழி, ஆற்று முகத்துவார ஓரங்களுக்கும் தனி விதி இருக்கிறது. பத்திரம் பதிவாகிவிட்டது என்பதால் வீடு கட்ட அனுமதி கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். நகராட்சி அல்லது பேரூராட்சி அலுவலகத்தில் முன்பே எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூலப்பத்திரம், பட்டா, முப்பது வருட வில்லங்கச் சான்று ஆகியவற்றோடு இன்னொன்றும் பார்க்க வேண்டும். பழைய முஸ்லிம் ஊர்களில் வக்ஃப் நிலங்கள் அதிகம். வக்ஃப் சொத்தை விற்பது சட்டப்படி செல்லாது. நமக்கு அது மார்க்கப் பிரச்சினையும்கூட. அந்த ஊர் ஜமாஅத்திலும் வக்ஃப் வாரியத்திலும் விசாரிக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

ஊர் வழக்கமும் ஜமாஅத்தும்

“முஸ்லிம் ஊர்தானே, போனதும் ஒட்டிக்கொள்ளலாம்” என்று நினைப்பவர்கள் உண்டு. சலாம் சொன்னால் பதில் சலாம் கிடைக்கும். உறவாகக் கலந்துவிட நாள் ஆகும். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் வீடு மகளுக்குச் சேர்வதும், மருமகன் பெண் வீட்டில் வந்து வாழ்வதும் பழைய வழக்கம். அதனால் ஊரின் நடுத்தெருக்களில் வீடு விலைக்கு வருவது அபூர்வம். வெளியூர்க்காரருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஓரத்து மனைகள். தண்ணீர் நிற்பதும் பல நேரம் அங்கேதான்.

நம்மவர்கள் பெரும்பாலும் ஹனஃபி. அந்தக் கடற்கரை ஊர்களில் ஷாஃபி மத்ஹப் பரவலாக உள்ளது. அஸர் பாங்கு நமக்குப் பழகிய நேரத்துக்கு முன்பே கேட்கும். சுப்ஹுத் தொழுகையில் குனூத் ஓதுவார்கள். இரண்டும் ஹக்கான மத்ஹபுகள். இமாமைப் பின்பற்றித் தொழுவதில் சங்கடப்பட வேண்டியதில்லை. வீட்டில் உருது பேசும் குடும்பமானால் பெண்களுக்கு அந்த ஊர்த் தமிழ் பிடிபடவும் சில மாதம் ஆகும். போவதற்கு முன்பே இதையெல்லாம் வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது.

புது ஊர் ஜமாஅத்தில் சேர நம் ஜமாஅத்தின் கடிதம் கேட்பார்கள். சந்தா, பிள்ளைகளின் நிக்காஹ், கபரஸ்தானில் இடம் எல்லாம் அதைப் பொறுத்தவை. வீடு வாங்கிய பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று விடாமல், வாடகைக்கு இருக்கும் அந்த நான்கு மாதத்திலேயே முத்தவல்லியைப் பார்த்துப் பேசிவிடுங்கள்.

பணமும் மனைவியின் உரிமையும்

இந்தியக் கடற்படையில் இருந்தவருக்கு அரசு ஓய்வூதியம் வரும். வணிகக் கப்பலில் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் வேலை பார்த்தவருக்கு அப்படி எதுவும் இல்லை. இந்தியக் கப்பல்களில் பணிபுரிந்தவர்களுக்கு 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி மாலுமிகள் வருங்கால வைப்பு நிதி உண்டு, அலுவலகம் மும்பையில். அதில் வாரிசு நியமனம் சரியாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். வெளிநாட்டுக் கொடிக் கப்பல்களிலேயே காலம் கழித்தவருக்குக் கையிருப்புதான் எல்லாம். அவர்கள் ஊரில் நிரந்தரமாகத் தங்கியதும் வங்கியில் சொல்லி என்ஆர்இ கணக்கை உள்நாட்டுக் கணக்காக மாற்றிவிட வேண்டும்.

கையிருப்பு முழுவதையும் வீட்டில் போட்டுவிடாதீர்கள். கடலோர வீடு பார்வைக்கு அழகு. அவசரத்துக்கு விற்கப் போனால் வாங்க ஆள் கிடைக்காது. வட்டிக் கடனில் வீடு வாங்குவது பற்றி நாம் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

வீடு யார் பெயரில் என்பதையும் அப்போதே முடிவு செய்யுங்கள். கணவர் பெயரில் இருந்து அவர் மவுத்தானால், பிள்ளைகள் இருக்கும் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு. பிள்ளை இல்லையென்றால் நான்கில் ஒரு பங்கு. மீதி மற்ற வாரிசுகளுக்கு. அவர்கள் பங்கு கேட்பது அவர்களுடைய ஹக்கு, குற்றமில்லை. ஆனால் வீட்டை விற்றுப் பிரிக்கும் நிலை வந்தால், பழக்கமில்லாத ஊரில் அந்த அம்மா எங்கே போவார்? மற்ற வாரிசுகள் சம்மதிக்காமல் மனைவிக்கு வஸிய்யத்தும் செல்லாது. உயிரோடு இருக்கும்போதே ஹிபாவாகக் கொடுக்கலாம். கொடுப்பதாகச் சொல்வதும், அவர் ஏற்பதும், சொத்தை அவர் வசம் ஒப்படைப்பதும் மூன்றும் நிறைவேற வேண்டும். மற்ற வாரிசுகளுக்கு அநியாயம் ஆகாதபடி ஆலிம் ஒருவரையும் வழக்கறிஞர் ஒருவரையும் கலந்து செய்யுங்கள்.

வேறு வழியும் உண்டு

பலருக்கு நாம் சொல்வது: நல்லம்பள்ளி வீட்டை விற்காதீர்கள். தை முதல் பங்குனி வரை கடலோரத்தில் வாடகைக்கு இருந்து காற்று வாங்குங்கள்; மற்ற மாதங்களில் இங்கே இருங்கள். இரண்டு மூன்று வருடம் அப்படி இருந்தபின், மழைக்காலத்தையும் அங்கே ஒருமுறை பார்த்தபின், இருவருக்கும் மனம் ஒத்துப்போனால் வாங்குங்கள். வாங்கிய பிறகும் இங்குள்ள வீட்டை விற்க அவசரப்பட வேண்டாம். மனைவிக்குத் திரும்பி வர ஓர் இடம் இருக்கட்டும்.

பத்திரம் பார்க்கவும், அந்தந்த ஊர் ஜமாஅத்துக்குக் கடிதம் வாங்கவும் உதவி தேவைப்படுவோர் ஜும்ஆவுக்குப் பின் நமது அலுவலகத்துக்கு வரலாம். வரும்போது தம்பதியாக வாருங்கள். பெண்களிடம் தனியே கேட்டு விவரம் சொல்லவும் ஏற்பாடு செய்கிறோம்.

கரையை விட்டுப் போன நம் சகோதரர்கள் அனைவரையும் வல்ல அல்லாஹ் நலமாகக் கரை சேர்ப்பானாக! அவர்களுடைய ஹலாலான சம்பாத்தியத்திலும் அவர்கள் தேர்ந்தெடுக்கும் ஊரிலும் பரக்கத் செய்வானாக! ஆமீன்.