குலுக்கையும் வேப்பிலையும்

திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியிலுள்ள கூடங்குளம் இன்று அணுமின் நிலையத்தால் பெயர் பெற்ற ஊர். ஆனால் அந்தச் சீமையின் பழைய குடும்பங்களுக்குச் சக்தி அளித்த நிலையம் வேறொன்று. மண்ணால் செய்த அந்தத் தானியக் களஞ்சியத்துக்குக் குலுக்கை என்று பெயர். நெல்லையோ பயற்றையோ அதில் கொட்டுமுன், வீட்டு ஆச்சிமார் நிழலில் உலர்த்திய வேப்பிலையையும் நொச்சியிலையையும் அடியில் பரப்புவார்கள்.

"இதெல்லாம் பழங்காலத்து நம்பிக்கைதானே?" என்று படித்த பேத்தி சிரிக்கலாம். சிரிக்குமுன், தானியத்தை அழிக்கும் பூச்சிகளின் தந்திரத்தைச் சற்றுக் கவனிப்போம்.

அரிசிக் கூன்வண்டு தன் நீண்ட மூக்கால் மணியைத் துளைத்து உள்ளே முட்டையிடுகிறது. புழு மணிக்குள்ளேயே தின்று வளர்கிறது. வண்டு நம் கண்ணில் படும்போது மணி வெறும் கூடாகியிருக்கும். பயறு வண்டோ முட்டையைப் பயற்றின் தோல்மீது ஒட்டி வைக்கிறது. புழு அங்கிருந்து உள்ளே குடைகிறது.

வேம்பும் நொச்சியும் வெளியிலிருந்து வரும் பூச்சியைத் தம் வாடையால் விலக்கும். ஏற்கனவே உள்ளே குடியேறிய புழுவை அவை தொடமாட்டா. இலை வாசற்காவலுக்கே உதவும். உள்ளிருக்கும் திருடனுக்கு வெயிலே மருந்து. நெல்லின் ஈரம் 100க்கு 14 பங்குக்கு மேற்படாதபடி காயவைத்து, சூடு ஆறியபின் கொட்டுவது நலம்.

பயற்றுக்கு எண்ணெய் சிறந்த காப்பு. கிலோவுக்கு 5 முதல் 10 மில்லி லிட்டர் விளக்கெண்ணெயோ கடலெண்ணெயோ பிசறி வைத்தால், தோல்மீதுள்ள முட்டைகள் மூச்சடைத்து மடியும். விதைப் பயற்றுக்கு வேப்பெண்ணெய் ஏற்றது. வசம்புத் தூளும் வண்டைத் தடுக்கும். ஆயினும் அதிலுள்ள அசரோன் என்னும் பொருள் எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கியதாகச் சோதனைகளில் கண்டிருப்பதால், அதை விதைக்கு மட்டுமே சேர்க்க வேண்டும்.

"இத்தனை சிரமம் எதற்கு? ஒரு மாத்திரை போட்டால் போதாதா?" என்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை காற்றின் ஈரம் பட்டதும் பாஸ்பீன் என்னும் விஷவாயுவை வெளியிடும். அதற்கு முறிவு மருந்து கிடையாது. பயிற்சி பெற்றவர்கள் பெரிய கிடங்குகளில் கையாள வேண்டிய அதை, குழந்தைகள் உறங்கும் வீட்டில் வைப்பது யமனை விருந்துக்கு அழைப்பதாகும்.

நம் வேம்பின் பெருமையை நாம் மறந்தாலும் பிறர் மறக்கவில்லை. வேப்பெண்ணெயால் பயிர்களின் பூஞ்சையைத் தடுக்கும் ஒரு முறைக்கு, அமெரிக்க விவசாய இலாகாவும் டபிள்யூ. ஆர். கிரேஸ் கம்பெனியும் 1994-ல் ஐரோப்பியக் காப்புரிமை பெற்றன. வந்தனா சிவா முதலியோர் அதை எதிர்த்து வழக்காடினார்கள். இந்தியாவில் இது முன்பே வழக்கிலிருந்தது என்ற சாட்சியம் அங்கே எடுபட்டது. 2000-ல் காப்புரிமை ரத்தாயிற்று; 2005-ல் மேல்முறையீடும் தள்ளுபடியாயிற்று.

ஐரோப்பாவில் நம் பாட்டிமாரின் அறிவுக்காகப் பிறர் வாதாட வேண்டியிருந்தது. வீட்டிலோ ஒரு பேத்தி கேட்டாலே போதும். பிசான நெல் அறுவடையாகி வீடு வரும் நாளில் அவள் ஆச்சியின் அருகே உட்கார்ந்து, எந்த இலை, எவ்வளவு, எதற்கு என்று கேட்டு நோட்டில் எழுதி வைக்கட்டும். அந்தச் சொத்து பூச்சி அரிக்காமல் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேரும்.