பால்குடி உறவும் மணவிலக்கும்

பழவேற்காட்டு முஸ்லிம்களும், எதிர்க்கரையிலுள்ள பசியாவரம் போன்ற குப்பங்களின் மீனவ மக்களும் நெடுங்காலமாக அண்டை அயலார். மாமன், மாமி, மச்சான் என்னும் உறவுச் சொற்கள் இரு சாராருக்கும் பொது. சொல் ஒன்றாயினும் சட்டம் ஒன்றன்று.

அக்காள் மகளைத் தாய்மாமன் மணப்பதை 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் விலக்கப்பட்ட உறவாகவே வைக்கிறது; எனினும் வழக்காறு இருப்பின் அனுமதிக்கிறது. நமக்கோ 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் வழக்காற்றுக்கு அவ்விடத்தை அளிக்கவில்லை. சகோதரியின் மகள் என்றென்றும் மஹ்ரம் என்பது அன்னிஸா அத்தியாயத்தின் 23ஆம் வசனத்தால் உறுதியானது. மறுபுறம், சிற்றப்பா மகளைத் தமிழ் ‘தங்கை’ என்கிறது. ஷரீஅத் அவளை மணக்கத்தக்கவளாகவே வைத்துள்ளது. அவளை மணக்கத் தயங்குவது குற்றமன்று. ஹராம் எனக் கூறுவதே பிழை.

நாம் பெரிதும் கவலைகொள்வது வேறொன்றில். அவ்வசனமே பாலூட்டிய தாயையும் பால்குடிச் சகோதரியையும் விலக்குகிறது. நெருங்கிய வீடுகளில், தாய் நோயுற்றபோது மாமியோ சின்னம்மாவோ பாலூட்டியிருப்பார். இருபது ஆண்டுகளுக்குப்பின் அவர் மகளையே பேசி முடிப்பார்கள்! ஹனஃபி மத்ஹபில் அளவு சிறிதாயினும் உறவு ஏற்படும்; காலவரம்பு இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களிடம் முப்பது மாதம், அவர்தம் இரு மாணவர்களிடம் இரண்டாண்டு. நம் கடற்கரையில் மிகுந்துள்ள ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டாண்டுக்குள் தனித்தனியே ஐந்து முறை அருந்தியிருத்தல் வேண்டும்.

உடன் அருந்திய பிள்ளை மட்டுமே விலக்கு எனப் பலர் கருதுகின்றனர். அது தவறு. பாலூட்டியவரின் முன்பிறந்த, பின்பிறந்த மக்கள் அனைவரும் அருந்திய குழந்தைக்கு உடன்பிறந்தாரே. ஆனால் அக்குழந்தையின் தம்பிக்கு அத்தடை இல்லை.

உக்பா இப்னு ஹாரிஸ் (ரலி) மணம் முடித்தபின், தம்பதியர் இருவருக்கும் தானே பாலூட்டியதாக ஒரு பெண் கூறினார். உக்பா மக்காவிலிருந்து மதீனாவுக்குப் பயணமாகிப் பெருமானார் (ஸல்) அவர்களிடம் கேட்டு, மனைவியைப் பிரிந்தார். ஒரு பெண்ணின் சாட்சியம் தீர்ப்புக்குப் போதுமா என்பதில் இமாம்கள் வேறுபடுகின்றனர். ஹனஃபி, ஷாஃபிஈ அறிஞர்கள் இதனைப் பேணுதலாகக் கொண்டனர்.

அறியாமல் நிகழ்ந்த மணம், பால்குடி உறவு மெய்ப்பட்டால் நீடிக்காது. இல்லறம் நடந்திருப்பின் பெண்ணுக்கு மஹ்ர் உண்டு. பிள்ளைகளின் வமிசமும் தந்தையைச் சாரும். நிகாஹ் பதிவேட்டில் வலீயையும் மஹ்ரையும் எழுதும் நாம், பால்குடியைப் பற்றி வினவுவது அரிது. வினவ வேண்டியதும் நிகாஹ் மஜ்லிஸில் அன்று. நிச்சயத்திற்கு முன்பே, இரு வீட்டு மூத்த பெண்மணிகளிடம்.