வீட்டுக்கு ஒரு கயிறு



2020 ஆகஸ்ட் மாதம் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் நடந்தது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். குளிக்க இறங்கிய இளைஞர்கள் நான்கு பேர் ஆழத்தில் சிக்கிக்கொண்டார்கள். அங்கிருந்த மூன்று பெண்கள் கொஞ்சமும் யோசிக்காமல், கட்டியிருந்த சேலையையே அவிழ்த்துத் தண்ணீரில் வீசினார்கள். இரண்டு பேர் பிழைத்தார்கள். மற்ற இருவரைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த மூன்று பேருக்கும் தமிழக அரசு கல்பனா சாவ்லா விருது கொடுத்துக் கௌரவித்தது. அவர்களும் நம்மைப் போன்ற கிராமத்துப் பெண்கள்தான்.

இதைப் பற்றிக் கூட்டத்தில் பேசும்போது நமக்கு ஒரு விஷயம் தோன்றியது. ஒரு சேலை ஐந்தரை மீட்டர். பிடிக்கிற இடம் போக, எட்டுவது பதினைந்து அடிதான். அதற்கு அப்பால் ஒரு பிள்ளை தத்தளித்தால் என்ன செய்வது? கிணறும் குளமும் வாய்க்காலும் இல்லாத ஊர் ஏது?

கயிறுதானே, வீட்டில் இல்லாமலா இருக்கும் என்பீர்கள். இருக்கும். ஒன்று ஆட்டின் கழுத்தில் இருக்கும், இன்னொன்றில் துணி காயும், மிச்சம் விறகுக் கட்டோடு போயிருக்கும். ஆபத்து நேரத்தில் முடிச்சை அவிழ்த்துக்கொண்டு நிற்க முடியுமா? அதனால் ஐம்பது அடி நீளத்தில் ஒரு கயிற்றைத் தனியாக எடுத்து வையுங்கள். சுண்டுவிரல் தடிமன் இருந்தால் போதும். கைக்கு நன்றாகப் பிடி கிடைக்கும்.

கடையில் நைலான் என்று சொல்லிக் கொடுப்பதெல்லாம் நைலான் இல்லை. வாங்குமுன் ஒரு சின்னத் துண்டைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். நிஜ நைலான் மூழ்கிவிடும். மிதக்கிற கயிறுதான் தண்ணீரில் எறிய நல்லது, விழுந்தவர் கண்ணுக்கும் தெரியும். வெள்ளையை விட மஞ்சள், ஆரஞ்சு நிறம் மேல். ஆனால் இந்தக் கயிறுகளுக்கு வெயில்தான் எதிரி. மாசக்கணக்கில் வெயிலில் கிடந்தால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், தேய்த்தால் கையில் தூள் தூளாக வரும். அதை விறகு கட்ட வைத்துக்கொள்ளுங்கள், உயிரை நம்பி விடாதீர்கள். எலி கடிக்காத உயரத்தில், வீட்டுக்குள் வாசல் பக்கம் ஆணியில் மாட்டி, வீட்டில் எல்லோருக்கும் இடத்தைக் காட்டி வைப்பது நல்லது. வெட்டிய முனையைத் தீக்குச்சியில் காட்டினால் உருகி ஒட்டிக்கொள்ளும், பிரி பிரியாது.

கயிற்றின் ஒரு முனையில் ஐந்து லிட்டர் காலி எண்ணெய்க் கேனைக் கட்டி வைத்தால் இன்னும் நல்லது. கால்வாசிக்கும் குறைவாகத் தண்ணீர் ஊற்றி மூடியை இறுக்குங்கள். அந்தக் கனம் இருந்தால்தான் தூரம் போகும், அப்படியும் மிதக்கும். ஆளுக்கு நேராக எறியக் கூடாது. அவரைத் தாண்டி விழுகிற மாதிரி எறிந்து, கயிறு அவர் கைக்கு வரும்படி மெதுவாக இழுக்க வேண்டும். நிற்காமல் தரையில் படுத்துக்கொண்டு இழுங்கள், இல்லாவிட்டால் அவர் கனம் நம்மையும் உள்ளே தள்ளிவிடும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. நீச்சல் தெரியும் என்று பதறிப் போய் இறங்கவும் கூடாது. முங்குகிறவர் பிடித்தால் விட மாட்டார்.

கிணற்றில் விழுந்தவருக்கு இறக்கும்போது சுருக்கு முடிச்சு ஆகாது. இழுக்க இழுக்க நெஞ்சை நெரிக்கும். முனையை இரட்டையாக மடித்து, மடித்ததையே ஒரு சாதா முடிச்சாகப் போட்டால் இறுகாத வளையம் கிடைக்கும். முடிச்சுக்கு வெளியே ஒரு சாண் மிச்சம் விடுங்கள், இந்தக் கயிறு வழுக்கும்.

புயல் நேரத்தில் கூரையைக் கட்டவும் இதே கயிறு உதவும். கஜா புயல் 2018 நவம்பரில் அடித்தபோது தகர ஷீட் பறந்ததைப் பார்த்தவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வெள்ளம் வரும் என்று தெரிந்தால் முதல் வேலை மாட்டை அவிழ்த்து விடுவது. கட்டுத்தறியில் நிற்கிற மாட்டுக்குக் கயிறே எமன். அறுந்து கிடக்கிற கரண்டு கம்பியைக் கயிறு போட்டு இழுக்கிற வேலை நமக்கு வேண்டாம், நனைந்த கயிற்றில் கரண்டு பாயும்.

ஒவ்வொருவரும் தனித்தனியாக வாங்கினால் விலை கூடும். குழுவில் தீர்மானம் போட்டு முழுச் சுருளாக வாங்கி அளந்து பிரித்துக்கொண்டால் மிச்சம். வாங்கியதோடு விடாமல் எறிந்தும் பழக வேண்டும். நமது கூட்டமைப்புக் கூட்டம் முடிந்ததும் களத்து மேட்டில் கோடு போட்டு எறிந்து பார்த்தோம். முதல் தடவை பாதிப் பேருக்குக் கேன் முதுகுப் பக்கம் போய் விழுந்தது, ஒரே சிரிப்பு. நாலாவது தடவையில் எல்லோரும் கோட்டைத் தாண்டிவிட்டார்கள். அறுபது வயது உறுப்பினர் ஒருவர்தான் எல்லோரையும் விட அதிக தூரம் எறிந்தார். கிணற்றில் வாளி இறைத்த கை!