குறை ஆளிலா, அமைப்பிலா?

வேலை சீராக நடவாவிடின் நாம் ஆளைப் பழிக்கிறோம். அல்லது இயந்திரத்தைப் பழிக்கிறோம். வேலை பகுக்கப்பட்டுள்ள முறையை ஆராய்வோர் சிலரே. நிறுவன நடத்தை இயல் அதனையே ஆராய்கிறது.

தமிழர் பலர் பிழைப்பு நாடிச் சென்ற அகமதாபாத் நகரிலே, காலிகோ நிறுவனத்தின் ஆலையில் 1952-ல் தானியங்கித் தறிகள் நிறுவப்பெற்றன. எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. 1953-ல் இலண்டன் டாவிஸ்டாக் நிலையத்தைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ் அங்கு நேரில் நோக்கினார். 224 தறிகளுக்கு 29 பேர். அவர்களுக்குள் 12 வகை வேலைகள். நெய்பவர் ஒருவர், எண்ணெயிடுபவர் ஒருவர், பெருக்குபவர் ஒருவர். ஆயின், 'இத்தறிகள் எங்கள் பொறுப்பு' என்று சொல்லத்தக்க குழு ஒன்றேனும் இல்லை.

தொழிலாளரையும் மேற்பார்வையாளரையும் கலந்து, எழுவர் கொண்ட குழுவிடம் 64 தறிகள் என ஒப்படைத்தனர். நாளடைவில் உற்பத்தி உயர்ந்தது. துணிச் சேதம் குறைந்தது. தறிகள் அவையே, பொறுப்பின் அமைப்பே மாறியது.

நேரில் நோக்குதல், கலந்து மாற்றுதல், முன்னும் பின்னும் அளத்தல் என்பதே இவ்வாராய்ச்சியின் முறை. எனினும், புதுமை தரும் ஊக்கமும் பயனுக்கு ஒரு காரணமாகலாம். ஓர் ஆலையில் கண்டதை எங்கும் பொருந்தும் விதியெனக் கொள்ளலாகாது. ஆகவே நீண்ட நாள் நோக்குதல் வேண்டும்.

உடன் உழைப்பவரைக் குறை கூறுமுன், அவரிடம் முழு வேலையை ஒப்படைத்தோமா, அதன் துணுக்கை மட்டும் கொடுத்தோமா என்று நாம் எண்ணிப் பார்ப்போமாக.